ஊசியில் ஏறிய காற்று

ஊசி போட வரும் நர்ஸ், மருந்தை உறிஞ்சி முடித்ததும் சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, விரலால் இரண்டு சுண்டு சுண்டி, நுனியில் ஒரு சொட்டு தெறிக்கும்வரை காற்றை வெளியே தள்ளுவார். வருசநாட்டு மலையடிவாரத்து மயிலாடும்பாறையில் போடுகிற ஊசியானாலும் மதுரை பெரியாஸ்பத்திரியில் போடுகிற ஊசியானாலும் இந்த வழக்கம் மாறுவதில்லை. பக்கத்தில் நிற்கும் பாட்டிக்கும் காரணம் தெரியும்: ரத்தத்தில் காற்று ஏறினால் ஆள் பிழைக்க மாட்டான். வெற்று ஊசியோடு ஆஸ்பத்திரிக் கட்டிலை நெருங்கும் வில்லனைக் காட்டிக் காட்டித் தமிழ் சினிமாவும் அந்தப் பயத்தை வளர்த்திருக்கிறது. பயம் பொய்யல்ல. பெரிய அளவில் காற்று சட்டென்று ரத்தநாளத்துக்குள் புகுந்தால், இதயத்தின் வலப்பக்கத்தில் அடைத்துக்கொண்டு ஓட்டத்தையே நிறுத்திவிடும்.

அதே காற்றை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவர்கள் வேண்டுமென்றே நரம்பில் ஏற்றிவருகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு குமிழிகளாக உடைத்து, அளந்து, ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே ஏற்றுகிறார்கள். அல்ட்ராசவுண்டில் வெறும் கறுப்பாகத் தெரியும் ரத்தம் அப்போது பளிச்சென்று வெள்ளையாகிறது. இதயத்தில் ஓட்டை இருக்கிறதா, கல்லீரலில் இருக்கும் கட்டி நல்லதா கெட்டதா, மூத்திரப் பையிலிருந்து மூத்திரம் சிறுநீரகத்துக்குத் திரும்ப ஏறுகிறதா என்று பல கேள்விகளுக்கு அந்த வெள்ளை பதில் சொல்கிறது. இந்தக் குமிழிகளின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. தேனிப் பக்கம் ஸ்கேன் மெஷின் வந்த கதை வேறு, அதில் துயரம் அதிகம். இரண்டும் வெகுகாலம் தனித்தனியாகவே நடந்தன. ஆனால் மயிலாடும்பாறைக்காரர் ஒருவர் இன்று ஸ்கேன் மேசையில் படுக்கும்போது அவர்மேல் இரண்டு கதைகளின் கையும் படுகிறது.

முதலில் குமிழியை அருகில் வைத்துப் பார்த்துவிடலாம். எக்கோ என்னும் இதய ஸ்கேன் அறையில் நடக்கும் ‘பபிள் ஸ்டடி’க்கு வேண்டியவை மிகக் குறைவு. பத்து மில்லி சிரிஞ்சு இரண்டு, அவற்றை இணைக்க ‘த்ரீ-வே’ என்று எல்லா வார்டிலும் கிடக்கும் சின்னத் திருகுக் குழாய் ஒன்று, முழங்கை மடிப்பில் குத்திய ஒரு வென்ஃப்ளான் ஊசிக்குழாய். ஒரு சிரிஞ்சில் ஒன்பது மில்லி சலைன், ஒரு மில்லி காற்று. அதை அடுத்த சிரிஞ்சுக்குள் வேகமாகத் தள்ளி, அங்கிருந்து திரும்ப இதற்குள் தள்ளி, இப்படி மாறி மாறி அடிக்க வேண்டும். டீ மாஸ்டர் இரண்டு டம்ளர்களுக்கிடையே ஆற்றும்போது நுரை கட்டுவதுபோல, கண்ணாடியாக இருந்த சலைன் சில நொடிகளில் பால்போல வெளுக்கும். வெளுத்த கையோடு நரம்பில் செலுத்திவிட வேண்டும். தாமதித்தால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி மேலே மிதந்துவிடும். சிலர் நோயாளியின் ரத்தத்திலேயே ஒரு மில்லி எடுத்துக் கலந்துகொள்வார்கள். ரத்தத்தின் புரதம் குமிழிகளைக் கொஞ்சம் கூடுதல் நேரம் கட்டிவைக்கும்.

“மூச்சை இழுத்து அடக்கிக்கங்கம்மா... வெளிக்குப் போற மாதிரி முக்குங்க... ம்... இப்ப விட்டுருங்க.” விட்ட அந்தக் கணத்தில் இதயத்தின் வலது அறைகள் திரையில் வெள்ளையாக நிரம்பும். இடது அறைகள் கறுப்பாகவே இருந்தால் நல்ல சேதி. வலப்பக்கக் குமிழிகள் நுரையீரலுக்குப் போய், அங்குள்ள தந்துகிகளில் சிக்கிக் கரைந்துவிடுகின்றன என்று பொருள். மூன்று துடிப்புக்குள் இடப்பக்கத்தில் நாலைந்து வெண்புள்ளிகள் தெரிந்தால், இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் வழி இருக்கிறது. ஐந்தாறு துடிப்பு கழித்துத் தெரிந்தால் கசிவு நுரையீரலில் இருக்க வாய்ப்பு அதிகம். கல்லீரல் சுருங்கிப்போன நோயாளிகள் சிலருக்கு நுரையீரல் நாளங்கள் விரிந்து இப்படி ஆகும். கருவில் எல்லோருக்கும் திறந்திருந்து, பிறந்த பிறகு மூடிக்கொள்ள வேண்டிய வழி அந்தச் சுவரிலுள்ளது. பெரியவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அது முழுதாக மூடுவதில்லை. பெரும்பாலோர் அதோடு நலமாக வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். இவ்வளவையும் கண்டுபிடிக்க ஆன செலவு இரண்டு சிரிஞ்சும் கொஞ்சம் உப்புத் தண்ணீரும்.

இதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று யாரும் உட்காரவில்லை. ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் 1953-ல் ஒலியலையால் இதயத் துடிப்பைப் பதிவுசெய்தார்கள். கிளாஸ்கோவின் இயன் டொனால்டும் அவர் குழுவினரும் 1958-ல் வயிற்றுக் கட்டிகளை ஒலியால் பார்க்கும் ஆய்வை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். அந்தக் காலத்து எக்கோவில் படம் கிடையாது. மேலும் கீழும் நெளியும் கோடுகள் மட்டுமே. எந்தக் கோடு எந்தச் சுவர், எது வால்வு என்று சொல்வதற்கே வாதம் நடந்தது. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் கிராமியாக் என்ற கதிரியக்க மருத்துவரும் இந்திய வம்சாவளியினரான பிரவீண் ஷா என்ற இதய மருத்துவரும் மகாதமனியின் அடிப்பகுதியை எக்கோவில் அடையாளம் காண முயன்றுகொண்டிருந்தார்கள். இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று அளக்க, கதீட்டர் வழியாக இண்டோசயனின் கிரீன் என்னும் பச்சைச் சாயத்தைச் செலுத்துவது அன்றைய வழக்கம். சாயம் போன நொடியில், கறுப்பாக இருந்த இடம் மேகம் கவிந்ததுபோல் எதிரொலியால் நிறைந்தது.

1968-ல் அவர்கள் அதை எழுதி வெளியிட்டார்கள். கிளாட் ஜாய்னர் என்ற அமெரிக்க மருத்துவரும் அதற்கு முன்பே சலைன் செலுத்தும்போது இதேபோன்ற மேகத்தைக் கவனித்திருந்தார், ஆனால் எழுதிவைக்கவில்லை. அச்சில் ஏறிய பெயர்கள் கிராமியாக், ஷா. அதே ராச்செஸ்டரில் அவர்களோடு சேர்ந்து வேலை செய்த நவீன் நந்தா, பம்பாயில் மருத்துவம் படித்தவர். எக்கோ துறையின் முக்கியமான ஆசிரியர்களில் ஒருவராகப் பின்னாளில் அவர் ஆனார். குமிழிகளைக் கொண்டு இதயத் தசைக்குள் ரத்தம் எவ்வளவு பாய்கிறது என்று அளக்கும் முறையை வளர்த்தவர்களில் முதல் வரிசையில் நிற்கும் சஞ்ஜீவ் கௌலும் இந்தியர்தான். இந்தப் பெயர்களை நம் மருத்துவ மாணவர்களே அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்பது வருத்தமான விஷயம். ஓர் எளிய உத்தி உலகெங்கும் போய்ச் சேர்ந்ததில் இந்திய மூளைகளின் பங்கு கணிசமானது.

சாயம்தான் ஒளிர்கிறது என்று முதலில் தோன்றியது இயல்பே. ஆனால் வெறும் சலைனும் அதையே செய்தது. குளுக்கோஸ் தண்ணீரும் செய்தது. நோயாளியின் ரத்தத்தையே எடுத்துத் திரும்பச் செலுத்தினாலும் மேகம் வந்தது. கதீட்டர் நுனியில் அழுத்தம் குறைந்து குமிழி பிறக்கிறது என்றார்கள் சிலர். 1970-களின் கடைசியிலும் 1980-களின் தொடக்கத்திலும் நடந்த சோதனைகளில் விடை உறுதியானது: திரவம் எதுவானாலும் சரி, அதோடு கூடவே போகும் நுண்ணிய காற்றுக் குமிழிகள்தான் ஒலியைத் திருப்பி அடிக்கின்றன. அதற்குள் மேயோ கிளினிக்கில் 1975 வாக்கிலேயே கை நரம்பில் சலைன் செலுத்திப் பிறவி இதயக் குறைகளைக் கண்டறிய ஆரம்பித்துவிட்டார்கள். சீன மருத்துவர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடை மிகச் சிறிய அளவில் செலுத்தி ஆக்ஸிஜன் குமிழி உண்டாக்கிப் பார்த்தார்கள். விளக்கம் கிடைக்கும்வரை காத்திருக்காமல் மருத்துவம் வேலையை ஆரம்பித்துவிட்ட சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று.

குமிழி ஏன் இவ்வளவு சத்தமாகப் பதில் சொல்கிறது? மயிலாடும்பாறையை ஒட்டி மூல வைகை ஓடுகிறது. வருசநாட்டு மலையில் மழை பெய்து ஆற்றில் தண்ணீர் வரும் நாட்களில் பாறைகளுக்கிடையே அது சலசலக்கும். அந்தச் சத்தம் தண்ணீரும் பாறையும் மோதுவதால் மட்டும் வருவதில்லை. தண்ணீருக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றும் விரிந்து சுருங்கி, தன் அளவுக்கேற்ற ஒரு சுருதியில் ஒலிக்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் சூரியனை ஆராய்ந்துகொண்டிருந்த வானியலாளர் மார்செல் மின்னார்ட், 1933-ல் ஓடும் நீரின் ஓசையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி இதற்குக் கணக்கும் போட்டுக் கொடுத்தார். குமிழி சிறுத்தால் சுருதி ஏறும். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 3,300 முறை அதிரும், காதுக்குக் கேட்கும். அதையே ஏறக்குறைய ஆயிரம் மடங்கு சிறிதாக்கினால்?

இங்கேதான் இயற்கை மருத்துவத்துக்கு ஒரு பெரிய உதவி செய்திருக்கிறது. சிவப்பணுவின் விட்டம் ஏழெட்டு மைக்ரோமீட்டர். நுரையீரலின் தந்துகிகளைத் தாண்டிப் போக வேண்டுமானால் குமிழி அதைவிடச் சிறியதாக, இரண்டு மூன்று மைக்ரோமீட்டராக இருக்க வேண்டும். அந்த அளவுக் குமிழி அதிரும் சுருதி நொடிக்குச் சில பத்து லட்சம் முறை. மருத்துவமனை ஸ்கேன் மெஷின் அனுப்பும் ஒலியலையும் அதே எல்லைக்குள்தான் இருக்கிறது. யாரும் திட்டமிடாத பொருத்தம் இது. தந்துகிக்குள் நுழையும் அளவும் மெஷினின் சுருதியும் தற்செயலாக ஒத்துப்போயிருக்காவிட்டால் இந்தத் துறையே பிறந்திருக்காது. சிவப்பணு ஒலியை மெல்லச் சிதறடிக்கும், அதனால் ரத்தம் கறுப்பு. குமிழியோ ஒலி பட்டதும் தானே துள்ளித் துடித்து ஒலிக்கும்.

கையால் அடித்த குமிழியில் ஒரு குறை உண்டு. நுரையீரலைத் தாண்டி இதயத்தின் இடப்பக்கத்துக்கு அது போவதில்லை. (அந்தக் குறையே ஓட்டையைக் கண்டுபிடிக்கும் சோதனைக்குப் பலமானது.) இடது அறைகளையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் ஒளிரச் செய்ய வேண்டுமானால் குமிழி சிறியதாகவும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும், பல நிமிடம் உயிரோடும் இருக்க வேண்டும். ஸ்டீவன் ஃபைன்ஸ்டைன் என்ற மருத்துவர் 1980-களின் தொடக்கத்தில் திரவத்துக்குள் உயர் அதிர்வெண் ஒலியலையைச் செலுத்தி நுண்குமிழிகளை உண்டாக்கும் முறையைக் கண்டார். 1984-ல் அந்த ஆய்வுகள் வெளிவந்தன. மனித ரத்தத்தின் ஆல்புமின் புரதத்தை ஓடாகப் போர்த்திய ‘ஆல்புனெக்ஸ்’ அமெரிக்காவில் 1994-ல் அனுமதி பெற்றது. ஜெர்மனியின் ஷெரிங் நிறுவனம் காலக்டோஸ் சர்க்கரைத் துகள்களோடு சேர்ந்த ‘எக்கோவிஸ்ட்’டை 1991-லேயே கொண்டுவந்திருந்தது. நுரையீரலைத் தாண்டக்கூடிய ‘லெவோவிஸ்ட்’ அதைத் தொடர்ந்தது.

ஆல்புனெக்ஸ் நீடிக்கவில்லை. உள்ளே இருந்தது சாதாரணக் காற்று, அது ரத்தத்தில் சீக்கிரம் கரைந்துபோனது. ஓட்டைப் பலப்படுத்துவதைவிட உள்ளே இருக்கும் வாயுவை மாற்றுவதுதான் பெரிய திருப்பமாக அமைந்தது. கனமான, ரத்தத்தில் லேசில் கரையாத வாயுக்களைத் தேடினார்கள். 1997-ல் அனுமதி பெற்ற ‘ஆப்டிசன்’ குமிழிக்குள் பெர்ஃப்ளோரோபுரோபேன். 2001-ல் ஐரோப்பாவில் வந்த ‘சோனோவியூ’வுக்குள் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு. நம் துணை மின் நிலையங்களின் பெரிய சர்க்யூட் பிரேக்கர்களில் மின்பொறியை அணைக்க அடைத்துவைக்கிறார்களே, அதே வாயு. அமெரிக்காவில் 2001-ல் வந்த ‘டெஃபினிட்டி’யின் குப்பியை ஊசியில் ஏற்றுவதற்கு முன் ஒரு தனிக் கருவியில் 45 நொடி குலுக்க வேண்டும். ஜப்பானில் 2007-ல் வந்த ‘சோனசாய்டு’ கல்லீரலின் உயிரணுக்களுக்குள்ளேயே போய்த் தங்கும். ஒரு வேளைக்குப் போகும் வாயுவின் அளவு மிகச் சொற்பம். சோனோவியூவில் கல்லீரலுக்குச் செலுத்தும் 2.4 மில்லியில் வாயு சுமார் 20 மைக்ரோலிட்டர்தான், ஒரு சொட்டுத் தண்ணீரைவிடக் குறைவு. பதினைந்து நிமிடத்துக்குள் பெரும்பகுதி மூச்சு வழியாக வெளியேறிவிடும். சிறுநீரகத்துக்கு வேலையே இல்லை. சிறுநீரகம் பழுதாகிக் கிரியாட்டினின் ஏறிப்போனதால் சி.டி. ஸ்கேனுக்கு அயோடின் மருந்து போட முடியாது என்று திருப்பி அனுப்பப்படும் நோயாளிக்கு இந்த ஒரு குணமே பெரிய விஷயம்.

2007 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தக் குமிழி மருந்துகளுக்குக் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை விதித்தது. செலுத்திய சிறிது நேரத்தில் சிலர் இறந்ததாக அறிக்கைகள் வந்திருந்தன. அவர்களில் பலர் ஏற்கெனவே கடும் இதயநோயில் இருந்தவர்கள், மருந்தே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்று இதய மருத்துவர்கள் வாதிட்டார்கள். ஏராளமான நோயாளிகளின் பதிவேடுகள் ஒப்பிடப்பட்டன. 2008-லேயே கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால் செலுத்தும் இடத்தில் அவசர மருந்துகள் தயாராக இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் இன்றும் உண்டு. 2016-ல் அமெரிக்கா சோனோவியூவைக் குழந்தைகளின் கல்லீரலுக்கும், மூத்திரம் சிறுநீரகத்துக்குத் திரும்ப ஏறுகிறதா என்று பார்க்கும் சோதனைக்கும் அனுமதித்தது. முன்பு எக்ஸ்ரே வெளிச்சத்தில் குழந்தையைப் படுக்கவைத்துச் செய்த சோதனை அது.

இனி இந்தப் பக்கத்துக் கதை.

கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஒரு மயிலாடும்பாறை இருக்கிறது. 4,200 ஆண்டு பழமையான இரும்பு என்று 2022-ல் செய்திகளில் அடிபட்டது அந்த ஊர். தேனி மாவட்டத்து மயிலாடும்பாறை வேறு. கடமலை–மயிலை ஒன்றியம் என்று இங்குள்ளவர்கள் சொல்லும் கடமலைக்குண்டு–மயிலாடும்பாறை ஊராட்சி ஒன்றியத்தின் பாதிப் பெயர் இந்த ஊருடையது. தென்னையும் இலவம் பஞ்சும் விளையும் பூமி. கம்பம் பள்ளத்தாக்குக்குக் கிடைத்த பெரியாற்றுத் தண்ணீர் இந்தப் பக்கம் வருவதில்லை, மூல வைகையை நம்பித்தான் பிழைப்பு. வருசநாட்டிலிருந்து மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் வழியாக இறங்கும் சாலை, மதுரை–தேனி நெடுஞ்சாலையை க.விலக்கில் தொடுகிறது. கண்டமனூர் விலக்குதான் க.விலக்கு என்று சுருங்கிப்போனது. 2004-ல் தேனி அரசு மருத்துவக் கல்லூரி வந்தது அந்த விலக்கில்தான். அதற்கு முன் பெரிய வைத்தியம் என்றால் ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டி, உசிலம்பட்டி வழியாக, மதுரை பெரியாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

அந்த உசிலம்பட்டியின் பெயரை 1986 ஜூனில் ‘இந்தியா டுடே’ இதழின் அட்டைக் கட்டுரை நாடெங்கும் கொண்டுபோனது, பெண் சிசுக்கொலைக்காக. பிறந்த பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் கொடுப்பதை ஊர் பேசாமல் மறைத்த காலம் அது. சேலத்தில் 1992-ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கு விரிந்தது. தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா இந்தக் கொடுமையை வைத்து ‘கருத்தம்மா’ படத்தை எடுத்து வெளியிட்டது 1994-ல். அதே ஆண்டுதான் கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1996 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த அந்தச் சட்டம், 2003-ல் மேலும் கடுமையானது. கள்ளிப்பால் செய்ததை இனி ஸ்கேன் மெஷின் செய்துவிடக் கூடாது என்ற அச்சத்திலிருந்து பிறந்த சட்டம் அது. அச்சத்துக்கு எல்லா நியாயமும் இருந்தது.

ஆகவே இந்த வட்டாரத்தில் அல்ட்ராசவுண்ட் நுழைந்தபோது, அது வயிற்றுப் பிள்ளையோடு கட்டிப்போடப்பட்டே நுழைந்தது. ‘ஸ்கேன் பார்த்தாச்சா?’ என்று யாராவது கேட்டால் இன்றும் கர்ப்பத்தைத்தான் கேட்கிறார்கள். ஆணா பெண்ணா என்று இங்கு சொல்லப்பட மாட்டாது என்ற பலகை இல்லாத ஸ்கேன் சென்டர் கிடையாது. ஒவ்வொரு மெஷினும் பதிவாக வேண்டும், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ‘எஃப்’ படிவம் நிரப்ப வேண்டும். கையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகக்கூடிய சின்ன மெஷின்களுக்கு 2012-ல் விதி இன்னும் இறுகியது. பதிவான வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கு, அல்லது பல சேவைகளோடு செல்லும் நடமாடும் மருத்துவ வாகனத்தில் மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம். இந்தச் சட்டம் வேண்டும், தளரக் கூடாது. ஆனால் அதன் சுமை எங்கே விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இதயம், கல்லீரல், சிறுநீரகம் என்று கருவோடு சம்பந்தமே இல்லாத ஸ்கேனுக்கும் மெஷின் மலையடிவாரத்துக்கு எளிதில் வருவதில்லை. நோயாளிதான் பஸ் ஏறுகிறார். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆண் வாரிசு வேண்டும் என்ற வெறிக்கு, மூச்சிரைக்கும் கிழவரும் விலை கொடுக்கிறார்.

குழந்தை பிறக்காத பெண்ணின் கதையிலும் காற்றுக்குப் பங்கு உண்டு, அதுவும் பழையது. நியூயார்க்கின் இசிடோர் ரூபின் 1920 வாக்கில் கருப்பைக்குள் வாயுவைச் செலுத்தி, கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைக் கொண்டுவந்தார். முதலில் ஆக்ஸிஜன், பிறகு கரியமில வாயு. குழாய் திறந்திருந்தால் வாயு வயிற்றுக்குள் போகும். சோதனை முடிந்து எழுந்து உட்காரும் பெண்ணுக்குத் தோள்பட்டையில் வலிக்கும், ஏனெனில் வாயு மேலேறி உதரவிதானத்தை உரசுகிறது. அந்த வலியே நல்ல சேதி. இந்திய மருத்துவக் கல்லூரிகளிலும் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்ட சோதனை இது. அல்ட்ராசவுண்ட் வந்த பிறகு அதற்கு ஓர் இந்திய வாரிசு பிறந்தது. மும்பையின் சயான் மருத்துவமனை மருத்துவர்கள் 1990-களின் தொடக்கத்தில், மெல்லிய ஃபோலி குழாய் வழியாகக் கருப்பைக்குள் சலைனைத் தள்ளி, கருக்குழாயின் மறுமுனையில் அது கொட்டுவதை ஸ்கேனில் நேரடியாகப் பார்க்கும் முறையை எழுதி வெளியிட்டார்கள். சயான் சோதனை என்றே அதற்குப் பெயர் நின்றது. எக்ஸ்ரே வேண்டாம், அயோடின் வேண்டாம். ஐரோப்பாவில் இதே வேலைக்கு எக்கோவிஸ்ட் குமிழியைப் பயன்படுத்தினார்கள். மும்பையில் சலைனே போதுமானதாக இருந்தது.

‘மலடி’ என்ற பட்டத்தோடு கல்யாண வீட்டு வாசலில் ஒதுங்கி நிற்க வைக்கப்பட்ட பெண்களை அறியாத கிராமம் இல்லை. அவளுடைய குழாய் சரியாகவே இருக்கிறது, குறை கணவனிடம் இருக்கலாம் என்பதைக் காட்டக்கூடிய ஒரு மலிவான சோதனைக்கு, மருத்துவப் பயனைத் தாண்டியும் ஒரு மதிப்பு உண்டு. பெண் குழந்தையை அழிக்கப் பயன்பட்ட அதே மெஷின், பெண்மேல் சுமத்திய பழியையும் துடைக்க முடிந்திருக்கிறது. தொட்டிலையும் கள்ளிப்பாலையும் எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் எழுத வேண்டும்.

நுண்குமிழி ஆராய்ச்சி எல்லா ஊருக்கும் சொல்லாமலே கொடுத்துவிட்டுப் போன ஒரு கொடையும் இருக்கிறது. குமிழியை ஒலியால் பலமாகத் தள்ளினால் அது சமமாக விரிந்து சுருங்காது. சுருங்குவது கஷ்டம், விரிவது சுலபம். அதனால் வந்த சுருதியோடு அதன் இரட்டைச் சுருதியையும் சேர்த்துத் திருப்பி அனுப்பும். 1990-களில் பொறியாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சுருதியில் அனுப்பி, இரட்டைச் சுருதியில் மட்டும் கேட்டால் குமிழி மட்டுமே தெரியும், சதை மறைந்துவிடும் என்பது கணக்கு. மெஷினைச் செய்து, குமிழி செலுத்துவதற்கு முன்பே புரோபை வைத்துப் பார்த்தார்கள். திரை காலியாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. சதையே இரட்டைச் சுருதியில் எதிரொலித்துக்கொண்டிருந்தது, அதுவும் பழைய படத்தைவிடத் தெளிவாக. ஒலியலை உடலுக்குள் போகப் போகத் தானே வடிவம் மாறி இரட்டைச் சுருதியை உண்டாக்கிக்கொள்கிறது என்பது பிறகு புரிந்தது. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு உண்டாக்கும் கலங்கல் அதில் குறைவு. உடல் பருத்தவர்களின் வயிறும், இதயத்தின் உள்சுவரும் அதனால் துலங்கின.

1990-களின் இறுதிக்குள் இது எல்லா நல்ல மெஷினிலும் ஏறிவிட்டது. இன்று ஆண்டிபட்டியிலோ தேனியிலோ கம்பத்திலோ ஒரு ஸ்கேன் சென்டரில் வயிற்றில் ஜெல் தடவிப் பார்க்கும்போது, பெரும்பாலும் இந்த ஹார்மோனிக் முறையில்தான் படம் வருகிறது. குமிழி மருந்தின் குப்பி அந்த அறைக்குள் வந்தே இருக்காது. குமிழிக்காகச் செய்த கணக்கு மட்டும் மெஷினுக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறது. இந்தத் துறையின் வரலாற்றில் மக்களுக்கு அதிகம் பயன்பட்டது எது என்று கேட்டால், விலையுயர்ந்த எந்தக் குப்பியையும்விட இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பெரிய நகரங்களின் ஆராய்ச்சி வேறு திசையில் போய்க்கொண்டிருக்கிறது. மூளைக்குள் மருந்து போகவிடாமல் தடுக்கும் ரத்தநாளச் சுவரை, குமிழிகளைச் செலுத்தி வெளியிலிருந்து ஒலியைக் குவித்துச் சற்று நேரம் திறக்கலாம் என்று குல்லெர்வோ ஹைனினன் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் 2001-ல் முயல்களில் காட்டினார்கள். டொரண்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில் 2015-ல் முதன்முறையாக மூளைக் கட்டி நோயாளி ஒருவருக்கு அதைச் செய்தார்கள்.

இரண்டு சிரிஞ்சுச் சோதனையும் பழசாகிப் போய்விடவில்லை. இளவயதில் பக்கவாதம் வந்து, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, அடைப்பு என்று வழக்கமான காரணம் எதுவும் தென்படாதபோது, கால் நரம்பில் உருவான ரத்தக்கட்டி இதயச் சுவரின் மூடாத வழியாக இடப்பக்கம் தாண்டி மூளைக்குப் போயிருக்குமோ என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். அந்த வழியை மூடினால் பயன் உண்டா என்பதில் நெடுநாள் கருத்து வேறுபாடு இருந்தது. 2017 செப்டம்பரில் ஒரே நேரத்தில் வெளிவந்த மூன்று பெரிய ஆய்வுகள், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு அதை மூடுவது மறுபடியும் பக்கவாதம் வருவதைக் குறைக்கிறது என்று காட்டின. தொடை நரம்பு வழியாக ஒரு சிறு குடையைக் கொண்டுபோய் அதை அடைத்துவிடலாம். அதன்பிறகு பபிள் ஸ்டடிக்கு மவுசு கூடியது. மயிலாடும்பாறையில் தென்னை ஏறும் நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு ஒரு காலையில் வாய் கோணி, கை விழுந்துபோனால், காரணம் தேடும் வழியில் இந்தச் சோதனையையும் நினைவில் வைத்துக் கேட்க வேண்டும். எக்கோ மெஷினும், பழகிய ஒரு மருத்துவரும், இரண்டு சிரிஞ்சும் இருக்கும் இடத்தில் அதைச் செய்துவிடலாம்.